எத்தனையாவது படி?

எங்கள் ஊர்ப் பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினர் மாறுவார், பேச்சு மாறாது. மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, அதற்குப் பிறகு ‘தோல்வியே வெற்றியின் முதற்படி’. கையோடு எடிசனும் வந்துவிடுவார். ஒரு மேடையில் அவர் ஆயிரம் தரம் தோற்றிருப்பார், அடுத்த மேடையில் பத்தாயிரம் தரம். பேசுகிறவர் கொஞ்சம் ஊர்ப்பற்று உள்ளவர் என்றால் கோணேசர் கோயிலையும் இழுத்து வருவார்: போர்த்துக்கேயன் இடித்தான், நாங்கள் எழுப்பினோம், நீங்களும் எழும்புங்கள் பிள்ளைகளே. திருகோணமலையில் கணிதம் படிப்பித்து வயிறு வளர்க்கிறவன் என்பதால் இந்தப் பேச்சுகளுக்கு முன்னால் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு விழாவில், எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, இளைய மகளின் பரிசுக்காக வந்திருந்த ஒரு தாய் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்: “சேர், என்ட மகன் இப்ப எத்தினையாவது படியில நிக்கிறான்?”

மகன் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்தில் இரண்டாம் முறையும் சித்தியடையாமல் விட்டிருந்தான். தாய் நக்கலுக்குக் கேட்கவில்லை. படி என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார், தன் பிள்ளையும் அதில் எங்கோ நிற்க வேண்டும்தானே என்ற கணக்கில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “பார்ப்பம் அக்கா, அவனை ஒருக்கா வீட்டுப் பக்கம் வரச் சொல்லுங்கோ” என்றேன். அந்தக் கேள்விதான் இன்றைக்கும் என்னை விடாமல் துரத்துகிறது.

எடிசன் கதையில் மேடைகள் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. மென்லோ பார்க்கில் அவருக்கு ஆய்வுகூடம் இருந்தது, சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள், பணம் போட்டவர்கள் இருந்தார்கள். 1879இல் மின்குமிழுக்குள் ஓர் இழையை மாட்டி மின்சாரத்தை விட்டால் அது பொசுங்குவது அங்கேயே தெரியும். எது எவ்வளவு நேரம் தாங்கியது என்பது கொப்பியில் ஏறும். அந்த ஒக்ரோபரில் கரியாக்கிய பருத்தி நூல் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது என்றால், அதற்கு முன் பொசுங்கியவை எல்லாம் கண்முன்னால் பொசுங்கியவை. எங்கள் பிள்ளையின் நிலைமை வேறு. பரீட்சையை எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, போனில் சுட்டெண்ணை அடித்தால் கணிதத்துக்கு நேரே ஓர் எழுத்து வரும். டபிள்யூ. 35 புள்ளிக்குக் கீழே என்பது மட்டும்தான் அதில் இருக்கும் செய்தி. 34ஆ, 9ஆ என்றுகூட அது சொல்லாது. 34 எடுத்த பிள்ளையும் 9 எடுத்த பிள்ளையும் அன்றிரவு ஒரே அழுகையை அழுகிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறோம்.

இடிந்ததெல்லாம் தோல்வியா

பையனின் கதைக்குப் போகமுதல் கோணேசர் கோயிலை ஒருக்கால் முடித்துவிடுகிறேன். கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கோட்டை கட்டப் பாவித்தார்கள். 1950இல் நிலத்தைத் தோண்டியபோது விக்கிரகங்கள் கிடைத்தன, 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. பெரிய கதைதான், எனக்கும் மயிர்க்கூச்செறிகிற கதைதான். ஆனால் இதில் தோற்றது யார்? கோயில் எந்தச் சோதனையில் விட்டது? ஒருவன் வந்து இடித்ததை ‘தோல்வி’ என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லும்போது, அடி வாங்கியவனிடமே ‘நீ இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த ஊரில் இது சின்ன விசயம் இல்லை. 2004 டிசம்பர் 26 வந்த கடலிடம் யாரும் தோற்கவில்லை. சம்பூர்ச் சனம் 2006இல் யுத்தத்தால் எழும்பி ஓடி, 2015இலும் 2016இலும்தான் திரும்பக் காணிக்கு வந்தது. இடையில் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாமில் இருந்து படித்த பிள்ளைகளில் சிலர் என்னிடமும் வந்திருக்கிறார்கள். தகரக் கொட்டிலில் வெயிலுக்கும் மழைக்கும் நடுவே படித்து, பரீட்சையில் விட்ட ஒரு பிள்ளையிடம் ‘தோல்வியிலிருந்து கற்றுக்கொள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பிள்ளையிடம் இருந்து ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: வகுப்பு, புத்தகம், ஆசிரியர், நேரம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவடங்கலான திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்து, திருகோணமலையையும் அந்தப் பட்டியலில் வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். அதைப் பற்றி ஆயிரம் சண்டை இருக்கிறது, இங்கே வேண்டாம். ஆனால் அந்த விதிக்குக்கூடத் தெரிந்த ஒரு வித்தியாசம் எங்கள் மேடைகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கடுப்பு.

சரி, யாரும் இடிக்காமல், தானாகவே விட்டவன் எப்படி? அந்தத் தாயின் மகன் அப்படிப்பட்டவன். சுகதேகி, அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட், வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்காகப் போனவன். இவனுக்காவது அந்தப் பழமொழி பலித்திருக்க வேண்டும். பலிக்கவில்லை. ஏன் என்று பார்க்கப் போய்த்தான் எனக்கு விசயம் வேறு மாதிரித் தெரிந்தது.

பென்சில் கும்பி

அவன் வந்தான். பேச்சு குறைவு, கேட்டால் “ஓம் சேர்”, இல்லாவிட்டால் “இல்ல சேர்”. படிப்பிக்கத் தொடங்கவேண்டாம், முதலில் பார்ப்போம் என்று நினைத்து, ஒரு கடந்தகால வினாத்தாளைக் கொடுத்து என் விறாந்தையில் இருத்தி, பரீட்சை மாதிரியே எழுத வைத்தேன். முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம், இரண்டாவது மூன்று. பிறகு, திருத்தும் வேலையை அவனிடமே கொடுத்தேன். பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற புள்ளித்திட்டம் என்னிடம் இருந்தது. அதோடு பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை என்றும் ஒன்று வரும்; எந்தக் கேள்வியை எத்தனை வீதம் பேர் செய்தார்கள், எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று கேள்வி கேள்வியாக எழுதியிருப்பார்கள். நாடு முழுக்கப் பிள்ளைகள் விட்ட பிழைகளின் பதிவு அது. கனபேர் அதைப் புரட்டியே பார்த்ததில்லை. எடிசன் வீட்டுக் கொப்பிக்கு எங்களிடம் இருக்கிற ஈடு அதுதான், மேடையில் ஒருவராவது அதைக் கையில் தூக்கிக் காட்டியிருக்கலாம்.

அவனிடம் மூன்று எழுதுகோல் கொடுத்தேன். தெரியாமல் விட்ட புள்ளிக்குச் சிவப்பு. தெரிந்தும் கை தவறி விட்டதற்கு நீலம். கேள்விக்கே போய்ச் சேராததற்குப் பென்சில். மார்கழி மழை தாழ்வாரத்தால் ஊற்றிக்கொண்டிருந்தது, அவன் குனிந்து ஒவ்வொரு புள்ளியாக வட்டம் போட்டுக்கொண்டு போனான். முதலாம் வினாத்தாளின் சிறு கேள்விகள் இருபத்தைந்தில் சிவப்பு இருந்தது, நீலம் அதைவிடக் கூட இருந்தது, ஆனால் மோசமில்லை. இரண்டாம் வினாத்தாளைத் திருப்பினான். அங்கே இரண்டு பகுதியிலும் ஐந்து ஐந்தாகப் பத்துக் கேள்விக்கு விடை எழுத வேண்டும், கேள்விக்குப் பத்துப் புள்ளி. இவன் எடுத்த எடுப்பில் கைவைத்தது கேத்திரகணித நிறுவலில். முக்கோணியை ஒருதரம் கீறி, அழித்து, தாள் மயிர் எழும்ப இன்னொருதரம் கீறி, ‘ஆகவே’ போட்டு, வெட்டி, பக்கத்தைத் திருப்பி மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியிருந்தான். அதிலேயே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. வரைபுக் கேள்வி தொடப்படவில்லை. அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தை நிரப்பி வளையியைக் கீறத் தெரிந்தவன் அவன். கண்முன்னால் செய்து காட்டினான். மீடிறன் பரம்பலில் இடை காணும் கேள்வியும் தொடப்படவில்லை, அதுவும் தெரியும். கேத்திரகணித அமைப்புக் கேள்வியும் அப்படியே. கவராயம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

180 நிமிடம், பத்துக் கேள்வி. ஒரு கேள்விக்கு 18 நிமிடம். அந்த நிறுவல் முழுதாக வந்திருந்தாலும் பத்துப் புள்ளி, இரண்டு வினாத்தாளையும் கூட்டிப் பாதியாக்கும்போது ஐந்து. ஐந்து புள்ளியைப் பிடிக்கப் போய் அதைவிடப் பல மடங்கைக் கைவிட்டிருந்தான். பென்சில் வட்டங்களை அவனே எண்ணினான். சிவப்பையும் நீலத்தையும் கூட்டினாலும் பென்சில் கும்பிக்குக் கிட்ட வரவில்லை.

“இதை ஏன் முதல்ல எடுத்தாய்?” என்று கேட்டேன். சொன்னான். முதல் முறை பரீட்சை முடிந்து வெளியே வரும்போது அவன் தலைக்குள் நின்றது முடிக்காமல் விட்ட ஒரு நிறுவல். டபிள்யூ வந்ததும், விட்டது கேத்திரகணிதத்தால்தான் என்று முடிவு கட்டிவிட்டான். அடுத்த வருடம் முழுக்கத் தேற்றம், தேற்றம், தேற்றம். அதற்கென்று தனி ரியூசன். இரண்டாம் முறை, இனி எனக்குக் கேத்திரகணிதம் வரும் என்ற தைரியத்தில் முதல் வேலையாக அதற்குள் இறங்கி, இன்னும் கூட நேரத்தை அதிலேயே புதைத்திருக்கிறான். ஆக, முதல் தோல்வி அவனுக்கு ஒரு பாடம் சொல்லித்தான் இருக்கிறது. அவனும் அதை ஒழுங்காகப் படித்துத்தான் இருக்கிறான். பாடம்தான் பிழை.

நான் எதிர்பார்த்தது அவன் முகம் தெளியும் என்று. ‘உனக்குக் கணக்கு வராமல் இல்லை, நேரம்தான் பிரச்சினை’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆறுதல்படும் என்று நினைத்திருந்தேன். அவன் தாளை மடித்தான். “அப்ப நான் மொக்கன் இல்லையா சேர்?” என்றான். இல்லையடா என்றேன். “அப்ப ரெண்டு வருசம் சும்மாவா போனது?” குரல் உடைந்தது. மழை விடவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு நனைந்தபடி போய்விட்டான். பிறகு கொஞ்ச நாள் வரவே இல்லை. தாய் வந்து, சாப்பிடுகிறானில்லை, என்ன சொன்னீங்கள் என்று என்னிடம் கேட்டார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மொக்கன் என்று நம்பியிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. தலைவிதி, மூளை, கிரகம் என்று எதன் தலையிலாவது போட்டுவிட்டுப் படுக்கலாம். காரணம் இத்தனை சின்னது, ஒரு மணிக்கூடு பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் என்று தெரிகிற நேரத்தில்தான் உண்மையில் வலிக்கிறது. ரியூசனுக்குக் கட்டிய காசு, சொந்தக்காரர் வீட்டுச் சடங்குகளுக்குப் போகாமல் ஒளித்த நாட்கள், தங்கச்சிக்கு முன்னால் வாங்கிய ஏச்சு, எல்லாம் அப்போதுதான் திரும்ப வந்து முன்னால் நிற்கும். தோல்வியிலிருந்து கற்பது இனிப்பான வேலை என்று சொல்கிறவர்கள் இந்தக் கட்டத்தைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். கனபேர் காரணத்தைத் தோண்டாமல் விடுவது சோம்பலால் என்று நான் இப்போது நம்புவதில்லை. தோண்டினால் என்ன வரும் என்று உள்ளுக்குள் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு பின்னேரம் அப்பாவின் பழைய கசியோ மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அடிமட்டத்தின் பின்பக்கம் பேனையால் 18 என்று எழுதியிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த வினாத்தாளை எடுத்துக் கொடுத்தேன்.

பிளக் மாற்றியவர்கள்

பிழையான பாடம் என்பது பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. 1942 சித்திரையில் எங்கள் துறைமுகத்தில் யப்பானியர் குண்டு போட்டது ஊருக்குத் தெரியும். தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. துறைமுகத்துக்குள் கப்பல் நின்றால் ஆகாயத்தால் அடி விழும் என்பது பேர்ள் துறைமுகமும், ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும் எல்லாருக்கும் சொல்லியிருந்த பாடம். 8ஆம் திகதி யப்பானியக் கப்பற்படை வருகிறது என்று தெரிந்ததும் பிரித்தானியர் அந்தப் பாடத்தின்படியே செய்தார்கள், இரவோடிரவாகக் கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். அதில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியும் ஒன்று, அதுவும் தன்னுடைய விமானங்கள் இல்லாமல். மறுநாள் காலை திருகோணமலையில் குண்டு விழுந்தது. ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் அடிபட்டு மூழ்கியது. உள்ளே நின்றிருந்தால் தப்பியிருக்குமா என்பது வேறு வாதம். முந்தின அடியின் பாடத்தை அப்படியே கொண்டுபோய் அடுத்த அடிக்குப் போட்டால் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன் கணிதத்தில் எஸ் எடுத்தான். ஏ இல்லை, பி இல்லை, சாதாரண சித்தி. அப்பாவுக்கு உயர்தரம் படிப்பிக்க ஆசை. இவன் எஞ்சின் வேலை பழகப் போய்விட்டான். இன்று உப்புவெளிப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிறான், தனக்கென்று ஒரு கொட்டில் இருக்கிறது. ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது, ஓடிக்கொண்டு போகப் போகக் கடலில் எஞ்சின் நின்றுவிடுகிறது என்று ஒருவர் வந்தார். “பிளக் மாத்தினா ஓடுது தம்பி, பிறகும் நிக்குது. இந்த மாதத்துக்குள்ள எத்தின பிளக் மாத்திட்டன்.” எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கிற அந்தப் பிளக்கை இவன் கழற்றி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புகைக்கரி பிடித்துக் கறுத்திருந்தால் எரிபொருள் கூட, வெளிறி இருந்தால் சூடு கூட, இளம் மண்ணிறம் என்றால் சுகம் என்று எனக்கும் விளங்கப்படுத்தினான். இது வெளிறியிருந்தது. எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றி, தண்ணீர் பம்புக்குள் சுழலும் றப்பர்ச் சக்கரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரம் முழுக்க மணல் அரித்துக் கீறல் கீறலாக இருந்தது. எஞ்சினை நிறுத்தாமலே கரைக்கு ஏற்றுகிற பழக்கம். மணலும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகிறது, பம்ப் தண்ணீர் இழுப்பதில்லை, எஞ்சின் சூடாகி நிற்கிறது. நின்றதும் இவர் பிளக்கை மாற்றுகிறார். மாற்றி முடிக்கிற நேரத்துக்குள் எஞ்சின் ஆறிவிடும். ஆறினால் ஓடும். பிளக் மாற்றியதால்தான் ஓடுகிறது என்று அவருக்கு ஒவ்வொரு முறையும் நிரூபணம் ஆகிறது.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. “இவர் மட்டும் இல்ல சேர், வாறவங்கள்ல பாதிப் பேர் வேற எதையோ மாத்திப்போட்டுத்தான் வருவாங்க” என்றான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு. தேற்றம் படித்த வருடம் அவனுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. நான் கிளறவில்லை.

அவனை மேடையேற்றவும் ஒரு முயற்சி நடந்தது. தோற்று எழுந்தவர்களைக் கொண்டு மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் நிகழ்ச்சி என்று யாரோ ஒழுங்குபடுத்தி, என் மூலமாகக் கேட்டார்கள். “அங்க வந்து என்னத்தச் சொல்றது சேர்? மணிக்கூட்டைப் பாருங்கோ எண்டா? சீசன் தொடங்குது, நிலாவெளியில திமிங்கிலம் காட்டுற போட்டெல்லாம் வரிசையில நிக்குது” என்று மறுத்துவிட்டான். ஏற்பாட்டாளருக்கு முகம் கறுத்துவிட்டது.

சிவப்பு

மூன்று எழுதுகோல் வேலையை என் சனிக்கிழமை வகுப்பில் இப்போதும் செய்கிறேன். எல்லாப் பெற்றாருக்கும் பிடிப்பதில்லை; பக்கத்து ரியூசனில் அதே நேரத்துக்குள் மூன்று வினாத்தாள் செய்து முடிக்கிறார்கள், நீங்கள் ஒன்றையே கிளறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு தந்தை முகத்துக்கு நேரே சொன்னார். பென்சில் கும்பியும் நீலக் கும்பியும் பெரிதாக இருக்கிற பிள்ளைகளுக்கு இது பலன் தருகிறது, சிலருக்கு வேகமாகவே. சிவப்புக் கும்பிக்காரர்தான் என்னைத் தூங்கவிடாதவர்கள். அங்கே பாடம் படிக்கத் தோல்வி எதுவும் நடக்கவில்லை. தெரியவேண்டியது ஒருநாளும் வந்து சேரவே இல்லை.

இப்போது ஒரு பிள்ளை மூதூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறாள். அவளுடைய தாளில் சிவப்பைத் தவிர வேறு நிறம் அரிது. வட்டிக் கணக்கில் பிழை என்று பின்னால் போனால் சதவீதத்தில் பிழை, அதற்குப் பின்னால் போனால் விகிதம், அதற்கும் பின்னால் பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்கிறாள். பின்னம் ஊன்றிப் படிக்கிற வயதில், 2020 மார்ச்சில், பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 2021இலும் பல மாதம் பூட்டு. வீட்டில் ஒரு போன், அதை அண்ணாவின் உயர்தரப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் மறுபடியும் மூடினார்கள். ‘நீ மொக்கி இல்லை’ என்று நான் சொன்னால் அவள் நம்புகிறாள்; அதனால் பின்னம் வந்துவிடாது.

வகுப்பு ஆறின் கணிதப் புத்தகத்தை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளை கையில் ஆறாம் ஆண்டுப் புத்தகம் என்று மற்றப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கத்தில் பழைய கலண்டர்த் தாளால் உறை போட்டு வைத்திருக்கிறாள். பரீட்சைக்கு முன் அந்தப் புத்தகத்திலிருந்து பதினோராம் ஆண்டுவரை நடந்து வந்துவிடுவாளா என்று தாய் கேட்டார். இந்த முறை வராது, அடுத்த முறைக்கு வரலாம் என்றேன். தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் இந்த முறை பரீட்சை எழுதவா வேண்டாமா என்று கேட்டார். எழுதச் சொல்லியிருக்கிறேன், வினாத்தாளில் எந்தெந்தக் கேள்விக்குப் போவது என்று இருவரும் இருந்து குறித்துக்கொண்டிருக்கிறோம்.